தொழில்முறை உணவு உற்பத்தியைக் காட்டும் ஆவணப்படங்களும் விலங்கு நேசர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழி, பன்றி, பால்மாடு ஆகியவற்றைத் தொழிற்சாலை ஒழுங்கில் வளர்த்து அறுக்கும் முறையைக் காட்டும் ஆவணப்படங்கள் இன்று எவர் கைப்பேசிக்கும் எட்டுகின்றன. தெருநாய்க்குச் சோறு வைப்பவர்களும், அடிபட்ட பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுபவர்களும்தான் இப்படங்களால் மிகுதியாகக் கலங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

எந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

இவ்வகைப் படங்கள் புதியவை அல்ல. பாரிஸ் நகர அறுவைக்கூடங்களை ஜார்ஜ் ஃபிரான்ஜு 1949லேயே படமாக்கினார். பிரிட்டனில் 1981இல் வந்த ‘தி அனிமல்ஸ் ஃபிலிம்’ பண்ணை, ஆய்வுக்கூடம், வேட்டை எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துக் காட்டியது. 2005இல் ‘எர்த்லிங்ஸ்’, 2008இல் ‘ஃபுட், இங்க்.’, 2018இல் ஆஸ்திரேலியப் பண்ணைகளை மறைகாமிராவாலும் டிரோனாலும் பதிவு செய்த ‘டொமினியன்’ ஆகியவை வந்தன.

இவற்றோடு வேறொரு வகையும் உண்டு. ஆஸ்திரிய இயக்குநர் நிகோலாஸ் கைர்ஹால்ட்டர் 2005இல் எடுத்த ‘நமது அன்றாட உணவு’ படத்தில் விளக்கவுரை இல்லை, நேர்காணல் இல்லை; பொரிப்பகமும் வயலும் அறுவைக்கூடமும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருப்பதை அசையாத காமிரா பார்த்துக்கொண்டிருக்கிறது. 2020இல் வந்த ‘குண்டா’ ஒரு தாய்ப்பன்றியையும் அதன் குட்டிகளையும் கறுப்பு வெள்ளையில் பின்தொடர்கிறது; அதில் ஒரு துளி இரத்தம்கூடக் காட்டப்படுவதில்லை. அலறலைக் காட்டும் படங்களைவிட இந்த அமைதியான படங்களே விலங்கு நேசரின் மனத்தில் நெடுநாள் தங்குகின்றன என்று நான் கருதுகிறேன். அலறல் கேட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம். குட்டிகளைத் தேடி அலையும் தாயைப் பார்க்கும்போது கண்ணை மூடத் தோன்றுவதில்லை.

மற்றவர்களைவிட விலங்கு நேசருக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது?

இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, பழக்கம். நாயோடும் பூனையோடும் வாழ்பவர் விலங்கின் உடல்மொழியை வாசிக்கக் கற்றவர். காது பின்னால் போவதும், உடல் ஒடுங்குவதும், கண்ணின் வெள்ளை தெரிவதும் என்னவென்று அவருக்குத் தெரியும். மற்றவர் வெறும் அசைவாகக் காண்பதை அவர் அச்சமாகக் காண்கிறார்.

இரண்டாவது காரணம் கடினமானது. விலங்கு நேசர்களுள் பெரும்பாலோர் இறைச்சியோ முட்டையோ பாலோ உண்பவர்கள். நேசிப்பதும் உண்பதும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பதை உளவியலாளர் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டீவ் லாக்னன், நிக் ஹாஸ்லம், பிராக் பாஸ்டியன் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு உலர்ந்த மாட்டிறைச்சியும் சிலருக்கு முந்திரியும் கொடுத்துவிட்டு விலங்குகளைப் பற்றிக் கேட்டார்கள். இறைச்சி தின்றவர்கள், அந்த நேரத்தில், அறக் கவனத்துக்கு உரிய விலங்குகள் குறைவே என்று கருதினார்கள். உண்ணும்போது மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு திரை போட்டுக்கொள்கிறது என்பதே இதன் பொருள். ஆவணப்படம் அந்தத் திரையை ஒரே இழுப்பில் விலக்கிவிடுகிறது. வலியோடு குற்றவுணர்வும் சேர்ந்து வருவதால்தான் பார்த்தவர் இவ்வளவு நொறுங்கிப்போகிறார்.

படம் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் காட்சியே வருகிறது. இது நோயா?

சில நாள்கள் அப்படி இருப்பது இயல்பே. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு, பணி நிமித்தமன்றித் திரையில் கண்டதை மட்டும் வைத்து, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் என்று வகைப்படுத்துவதில்லை. அதனால் உங்கள் துயரம் பொய்யாகிவிடாது. பெரும்பாலும் அது தானே தணியக்கூடியது என்று நம்பலாம், அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரங்கள் கடந்தும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எந்த நாளில் தோன்றினாலும் உடனேயோ, மருத்துவரிடம் பேச வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துன்பப்படும் உயிரின் வலியைத் தனக்குள் வாங்கிக்கொள்வதும், அதற்கு நலம் வேண்டும் என்று விரும்பி அதன் பக்கம் நிற்பதும் வெவ்வேறு. ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் துன்புறும் காணொளிகளைப் பார்ப்பவர்களுக்கு முதலில் வலியைப் பகிரும் பயிற்சி தரப்பட்டது. அவர்களுடைய மனச்சோர்வு கூடியது. பின்னர்ப் பரிவுப் பயிற்சி தரப்பட்டபோது அந்தச் சோர்வு தணிந்து, நல்லுணர்வு மீண்டது. ஆகவே, ஒரு படத்தால் கலங்கியவர் அதைவிடக் கொடூரமான அடுத்த படத்தைத் தேடிப் பார்ப்பதால் விலங்குகளுக்கு எந்தப் பயனும் இல்லை. மீட்புப் பணி செய்பவர்கள் இப்படித் தங்களைத் தாங்களே வதைத்துக்கொண்டு, ஓராண்டுக்குள் பணியையே கைவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் இழப்பு, அவர்கள் பார்த்துக்கொண்ட விலங்குகளின் இழப்பும்தான்.

படத்தில் காட்டுவது வழக்கமாக நடப்பதா, எங்கோ ஒரு பண்ணையில் நடந்த அத்துமீறலா?

இந்தக் கேள்விக்குத்தான் மிகுந்த கவனத்தோடு விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்கள் இரண்டையும் கலந்தே காட்டுகின்றன. தொழிலாளி ஒருவர் பன்றியை உதைப்பது, நிற்க முடியாத மாட்டைத் தூக்கு வண்டியால் தள்ளுவது போன்றவை அத்துமீறல்கள். பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதமானவை. பார்ப்பவருக்குக் கோபம் பொங்குவதும் இவற்றைக் கண்டுதான்.

ஆனால் எண்ணிக்கையில் பெரிய துன்பம் வேறிடத்தில் இருக்கிறது. யாரும் கோபப்படாமல், யாரும் கையோங்காமல், சட்டப்படி, அட்டவணைப்படி அது நடக்கிறது. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையிடாது. கறிக்கும் வேகமாக வளராது. ஆகவே பொரித்த நாளிலேயே பாலினம் பிரித்து அவை கொல்லப்படுகின்றன. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடிக் குஞ்சுகள் இவ்வாறு கொல்லப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. பெட்டைக் குஞ்சுகளுக்கு, கூண்டில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க, அலகு வெட்டப்படுகிறது.

கறிக்கோழியின் துன்பம் அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய, புதிய கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 1957ஆம் ஆண்டு இனத்தின் எடை 56ஆம் நாளில் 905 கிராம். 2005ஆம் ஆண்டு இனத்தின் எடை அதே நாளில் 4,202 கிராம். எலும்பும் இதயமும் தாங்குவதற்கு முன்பே சதை ஏறிவிடுகிறது. கால் நொடித்து உட்கார்ந்துவிடும் கோழியை யாரும் அடிக்கவில்லை. அப்படி வளரும்படி அது பிறப்பிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

விலங்கு நேசர் ஒருவர் இப்படங்களிலிருந்து எதையேனும் நினைவில் வைத்துக்கொள்வதானால், உதைத்த அந்தத் தொழிலாளியின் முகத்தைவிட இந்தச் சாதாரண நடைமுறையையே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கிவிடலாம்; அதனால் கோழியின் வாழ்க்கையில் ஒன்றும் மாறாது. மேலும், அந்தத் தொழிலாளி பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த ஏழை. ஒரு நாளில் அவர் காணும் சாவுகளை நாம் ஒரு படத்தில் காணவே தாங்குவதில்லை.

படங்களில் சொல்லப்படும் புள்ளிவிவரங்கள் எல்லாம் சரியானவையா?

இல்லை. உலகப் பசுங்குடில் வாயுக்களில் 51 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருவதாக 2014இல் வந்த ‘கௌஸ்பிரசி’ சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தந்த மதிப்பீடு 14.5 விழுக்காடு. 2048இல் கடலில் மீனே இராது என்ற கூற்றை 2021இல் ‘சீஸ்பிரசி’ மீண்டும் எடுத்துவைத்தது. அது 2006ஆம் ஆண்டு ஆய்வொன்றின் கணிப்பு, அதன் முதன்மை ஆசிரியரே பின்னாளில் அதைப் பழையது என்று ஒதுக்கிவிட்டார். மிகைப்படுத்திய ஓர் எண், உண்மையான நூறு காட்சிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது. விலங்குகளுக்காகப் பேசுபவர்கள் பிறரைவிடக் கண்டிப்பாகச் சரிபார்த்துப் பேச வேண்டும்.

இவை வெளிநாட்டுப் படங்கள்தானே? நம் ஊருக்கு எவ்வளவு பொருந்தும்?

மேற்கத்தியப் படங்களின் வலு, மூடிக்கிடக்கும் அறுவைக்கூடத்தின் கதவைத் திறப்பதில் இருக்கிறது. அங்கே பலர் ஒரு கோழி சாவதைக் கண்டதே இல்லை. தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறு. தெருமுனைக் கறிக்கடையில் உயிர்க்கோழி கூண்டில் நிற்கிறது. வாங்குபவர் கண்முன்னேதான் அறுக்கப்படுகிறது. கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு இருசக்கர வண்டியில் கொண்டுபோவதைப் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். நாம் சாவைப் பார்த்துப் பழகிவிட்டோம். நம் கண்ணுக்குப் படாதது அதற்கு முந்தைய வாழ்க்கை: பொரிப்பகம், கொட்டகை, கூண்டு.

அந்த வாழ்க்கை இங்கும் தொழில்முறைதான். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, 12 கோடிக்கும் மேற்பட்ட கோழியினங்களோடு தமிழ்நாடு நாட்டில் முதலிடத்தில் இருந்தது. நாமக்கல் வட்டாரத்தில் உயர்த்திக் கட்டிய கொட்டகைகளில், எச்சம் கீழே விழும்படி, கூண்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். பல்லடம், உடுமலைப் பக்கத்தில் ஒப்பந்த முறை: குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை, கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் விவசாயியுடையவை, அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. ‘ஃபுட், இங்க்.’ படத்தில் வரும் அமெரிக்கக் கோழி விவசாயியின் நிலைக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பைப் பற்றி இந்தியச் சட்ட ஆணையமே 2017 ஜூலையில் தன் 269ஆவது அறிக்கையை அளித்து, விதிகள் வேண்டும் என்றது.

பால் உற்பத்தியில் வேறுபாடு உண்டு. இரண்டு மூன்று மாடுகள் வைத்திருக்கும் குடும்பங்கள் கறக்கும் பாலே இங்கே பெரும்பங்கு. ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே கூரையின்கீழ் கறக்கும் அமெரிக்கப் பண்ணையின் படத்தை அப்படியே இங்கே பொருத்தினால் அது நேர்மையாகாது. ஆனால் சினை ஊசி போடுவது, காளைக்கன்றுக்கு வேலையில்லாமல் போனது, கறவை நின்ற மாடு சந்தைக்குப் போவது ஆகியவை இங்கும் உண்டு.

முட்டையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டின் பள்ளிச் சத்துணவில் 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டைகள் வழங்கப்படுகின்றன. பல குழந்தைகளுக்கு அன்றைய நல்ல புரதம் அது ஒன்றே. கூண்டில் அடைபட்ட கோழிக்காக வருந்துபவர் அந்தக் குழந்தையின் தட்டைப் பார்த்து வருந்தக் கூடாது. முட்டையை நிறுத்தச் சொல்வதல்ல, கோழிக்கு இடம் கேட்பதே இங்கே வேண்டியது. அதனால் கூடும் செலவை அரசு ஏற்கவேண்டும் என்று சேர்த்துக் கேட்பதும் நம் கடமை.

படம் பார்ப்பவர்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா?

மாறுவதாகச் சொல்பவர்கள் பலர். மாயா மாத்தூர் தலைமையில் 2021இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ 20 நிமிட ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தவர்கள் இறைச்சியைக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள். 12 நாள்கள் கழித்து என்ன உண்டார்கள் என்று கேட்டபோது, படம் பார்க்காதவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இன்னோர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில், எரிக் ஷ்விட்ஸ்கெபெல், பிராட்ஃபோர்ட் கோக்லெட், பீட்டர் சிங்கர் ஆகியோர் மாணவர் சிலரை இறைச்சி உண்பதன் அறத்தைப் பற்றிப் படித்து விவாதிக்க வைத்தார்கள். பிறகு உணவகச் சிட்டைகளைப் பார்த்தார்கள். அம்மாணவர் வாங்கியவற்றில் இறைச்சி சேர்ந்தவை 52 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாகக் குறைந்திருந்தன. மாற்றம் சிறியதுதான், ஆனால் அது வாயால் சொன்னதன்று, காசு கொடுத்து வாங்கியதில் தெரிந்தது. தனியாகப் பார்த்து அழுவதைவிட, பார்த்ததைப் பற்றி ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது பலன் தரும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடுவதாகச் சபதம் செய்பவர் அடுத்த மாதம் பழையபடி ஆகிவிடுவதும், ‘கறிக்கோழியை மட்டும் வாங்குவதில்லை’ என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டவர் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பதும் நான் அறிந்தவரையில் மிகுதி.

படங்களால் சட்டங்கள் மாறியதுண்டா?

உண்டு. 2008இல் கலிஃபோர்னியாவின் சீனோ நகர அறுவைக்கூடத்தில் நிற்க முடியாத மாடுகள் நடத்தப்பட்ட விதத்தை விலங்குநல அமைப்பு ஒன்று மறைகாமிராவில் பதிவு செய்து வெளியிட்டது. ஆறரைக் கோடி கிலோ மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டே அத்தகைய மாடுகளை அறுக்க அமெரிக்கா தடை விதித்தது. இங்கிலாந்து 2018லும் ஸ்பெயின் 2022லும் அறுவைக்கூடங்களில் கண்காணிப்புக் காமிராவைக் கட்டாயமாக்கின. சேவல் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே பாலினம் அறியும் தொழில்நுட்பம் அதற்கு வழிவிட்டது. எதிர்விளைவும் நிகழ்ந்தது: அமெரிக்க மாநிலங்கள் சில, பண்ணைக்குள் மறைந்து படம் எடுப்பதையே குற்றமாக்கின. அவற்றுள் யூட்டா மாநிலத்தின் சட்டத்தை 2017இல் நீதிமன்றம் செல்லாததாக்கியது.

அவசரத்தின் விலையைக் காட்டும் நிகழ்வும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தோனேசியாவுக்கு உயிரோடு அனுப்பப்படும் மாடுகள் அங்கே எப்படிக் கொல்லப்படுகின்றன என்பதை 2011 மே 30 அன்று ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. மக்கள் கொந்தளித்தார்கள், ஒரு வாரத்துக்குச் சற்று மேலான காலத்தில் அரசு ஏற்றுமதியை நிறுத்தியது, ஜூலையில் புதிய கண்காணிப்பு விதிகளோடு மீண்டும் அனுமதித்தது. அந்தத் திடீர்த் தடையால் வடபகுதி மாட்டுப் பண்ணையார்கள் நலிந்தார்கள். தடையாணை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பு விதிகள் நிலைத்தன, தடை நிலைக்கவில்லை.

என் நாய்க்கும் பூனைக்கும் கோழிதான் போடுகிறேன். நான் என்ன செய்வது?

பூனை இறைச்சி உண்டே வாழும் உயிர். டாரின் என்னும் சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். தயிர்சோற்றில் பூனையை வளர்ப்பது கருணை ஆகாது. நாய்க்குத் தாவர உணவு ஓரளவு ஒத்துவரும், ஆனால் கால்நடை மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். பலர் உண்ணாமல் கழிக்கும் தலை, கால், ஈரல் ஆகியவற்றை வாங்கி வேகவைத்துப் போடுவது பலருக்குக் கைவந்த வழி. அதில் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் கறி உண்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவே முடியவில்லை.

அம்மாவும் அத்தையும் சமைத்துவைத்ததன் முன்னால் அமர்ந்துகொண்டு அறுவைக்கூடத்தை விவரிப்பது யாரையும் மாற்றியதில்லை. பேச வேண்டுமானால் சாப்பாட்டு நேரத்தை விட்டு வேறு நேரத்தில் பேசுங்கள். காணொளியை வலிந்து காட்டாதீர்கள்.

நம் மண்ணில் இன்னொரு கவனமும் வேண்டும். இங்கே என்ன உண்கிறோம் என்பது சாதியோடு பின்னிக் கிடக்கிறது. மாட்டுக்கறி உண்பவர்களும் பன்றி வளர்ப்பவர்களும் அதற்காகவே இழிவுபடுத்தப்பட்ட வரலாறு முடிந்துவிடவில்லை. விலங்குக்காகப் பேசும் சொல், அந்த இழிவுக்குப் புதிய சாக்காக ஆகிவிடக் கூடாது. பாலும் நெய்யும் உண்ணும் சைவ வீடும் இந்த உற்பத்திக்கு வெளியே இல்லை என்பதை நினைத்தால், யாரும் யாரையும் தாழ்த்திப் பேச இடமிராது.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

அறுவைக் காட்சிகளைக் காட்ட வேண்டாம். பிள்ளை கேட்டால் உண்மையை எளிமையாகச் சொல்லுங்கள். உண்ண மறுத்தால் கட்டாயப்படுத்தாமல் பருப்பு, கடலை, பயறு வகைகளைக் கூட்டுங்கள்.

நான் பார்க்காமலே இருந்துவிட்டால் அது கோழைத்தனமா?

இல்லை. பார்ப்பது கடமையன்று, அறிவது கடமை. கூண்டின் அளவு, குஞ்சின் வயது, ஒப்பந்தத்தின் விவரம் ஆகியவற்றை எழுத்தில் படித்தே அறியலாம். பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் பகலில், துணையோடு, ஒலியைக் குறைத்துப் பாருங்கள். நிறுத்த வேண்டும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். மீட்புப் பணியில் நாள்தோறும் இரத்தத்தைக் காண்பவர்கள் திரையிலும் அதைக் காண வேண்டிய தேவை இல்லை.

நேரில் கொடுமையைக் கண்டால் யாரிடம் சொல்வது?

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அதற்கான முயற்சியை மாநிலங்களவையில் தொடங்கிவைத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சட்டத்தின் போதாமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்: 11ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான், உணவுக்காகக் கொல்வது, தேவையற்ற துன்பம் சேராதவரை, குற்றமாகாது. விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவையும் சேர்த்துப் புகார் கொடுக்கலாம்.

இடம், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு முதலில் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். நகலை மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் விலங்குநல வாரியத்துக்கும் அனுப்புங்கள். காணொளியைச் சமூக ஊடகத்தில் போடுவதை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். முன்னதாகப் பரவிவிட்டால் விலங்கை இடம் மாற்றிவிடுவார்கள். மூலக் காணொளியை வெட்டாமல் பத்திரப்படுத்துங்கள், நீதிமன்றத்தில் கேட்பது அதைத்தான்.